மகளில் இருந்த கள்

கள்ளைத் தடைசெய்த மறுநாள் ஊரில் எல்லாம் ஒவ்வொன்றாகத்தான் இருந்தது. அரசாங்கம் பனையில் இருந்ததை இறக்கியது. சொல்லின் வாலில் இருந்த "கள்"ளையும் விடவில்லை. "ஆடுகள்" என்பதில் பறிமுதல் ஆயிற்று. மந்தைக்கு ஒரு ஆடு மிஞ்சியது. "கைகள்", "கால்கள்", "கண்கள்" என்பவற்றிலும் ஆயிற்று; ஆளுக்கு ஒரு கை, ஒரு கால், ஒரு கண்.

மைக்செட் பலவேசத்துக்குத் தொழிலில் கொஞ்சம் இடைஞ்சல். "பெரியோர்களே, தாய்மார்களே" என்றால்தான் அவருக்கு வாய் திறக்கும். இப்போது கல்யாண வீட்டில் "பெரியோரே, தாயே" என்றார். ஒரே ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். ஒரு தாய் அழுதாள். ஊருக்கு இரைச்சல் குறைந்தது, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

செவ்வாய் மதியம் மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் ஒரு நாயோடு பலவேசத்தின் வீட்டுக்கு வந்தார். நாய் நேரே அடுப்படிக்குப் போனது. அங்கே பேச்சி ஒற்றைக் கையால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாலாட்டியது.

"இது யாருவே?"

"எம் மவ" என்று சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். மைக் பிடித்த வாய். சுத்தமாகச் சொல்லித் தொலைத்தார்.

"என் மகள்."

நாய் குரைத்தது.

"திருப்பிச் சொல்லும்."

"ம... கள்."

"இருக்குல்லா?"

"அது பன்மை இல்லய்யா. ஒத்தப் பிள்ளைதான்."

"பன்மையத் தேடி நான் வரலவே. கள்ளைத் தேடி வந்திருக்கேன்."

பலவேசம் நொண்டியடித்துப் போய்ச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துவந்தார். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பனஞ்சாறு புளித்துக் கள்ளாகாது, பதநீராகவே நிற்கும். பனங்காட்டில் பிறந்த எவருக்கும் தெரியும். பேச்சியின் நெற்றியில் ஒரு கோடு இழுத்தார்.

"வயசென்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பத்தொம்பது."

"அப்ப எப்பவோ புளிச்சாச்சு. பொறந்தன்னைக்கே தடவியிருக்கணும்."

"தாயில்லாப் பிள்ளைய்யா."

"தாயையும் எழுத்துக் கூட்டிப் பாத்தேன். அதுல கள் இல்ல."

பேச்சி துருவியதைத் தட்டில் ஒதுக்கினாள். "எப்பா, அடுப்புல பால் இருக்கு. பாத்துக்கிடும்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் அவளருகே பிடித்த கலயம் நிறைந்து நுரைத்தது. அதை நாயின் கழுத்தில் மாட்டினார். பதிலுக்கு ஒரு பாட்டிலை வைத்தார்.

"வேல்ஸ் தேசத்துத் தேன்மது. சீமைச் சரக்கு. தடை கிடையாது."

"அங்க மகளுக்கு என்னய்யா சொல்லு?"

"யாருக்குத் தெரியும். பாட்டில்ல ஒட்டுன இந்தச் சீட்டையே வாசிக்க முடியல. பூரா மெய்யெழுத்தா இருக்கு. உயிரே இல்ல."

அவர் போனபின் வீட்டில் மிஞ்சியது "ம". பால் ஆறுவதற்குள் அதன் உயிரும் ஒடுங்கியது.

அடுப்படியில் ஆள் தெரியவில்லை.

"ஏட்டி பேச்சி?"

பதில் இல்லை.

"பசிக்கா?"

இல்லை.

பலவேசத்துக்கு வாயைச் சும்மா வைத்துப் பழக்கமில்லை. "ஒரு ஊருல ஒரு ராசா" என்றார்.

"ம்" என்றது அடுப்படி.

அவர் அடுப்படிப் பக்கம் நொண்டினார். "அந்த ராசாவுக்கு..."

"ம்."

"ஒரு மவ."

"ம்."

ராசா வேட்டைக்குப் போனார். வந்தார். மறுபடி போனார். கதையில் சரக்கு இல்லை. இருந்தும் ம் கொட்டியது. தண்ணீர் குடிக்க நிறுத்தினால் மட்டும் அடுப்படி குளிர்ந்தது.

பக்கத்து வீட்டுக் கோயில்பிள்ளை வாசலில் வந்து நின்றான். அவன் விரலிலும் சுண்ணாம்பு.

"அண்ணாச்சி, எங்க வீட்டுலயும் இறக்கிட்டாவ."

"கதை சொல்லுலே. ம் கொட்டும்."

"எனக்குக் கதை வராதே அண்ணாச்சி."

பலவேசம் கூம்புக் குழாயைக் கூரைக்கு ஏற்றினார். அவர் கையும் கோயில்பிள்ளையின் கையும் சேர்ந்துதான் ஒரு முடிச்சு விழுந்தது. மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"ஒரு ஊருல ஒரு ராசா."

தெரு நெடுக, வீட்டுக்கு வீடு, ம் என்றது. அதில் எது பேச்சியுடையது என்று பலவேசத்துக்குப் பிடிபடவில்லை. ஒன்றையும் விட முடியாது.

ராசாவுக்கு இப்போது தொண்ணூறு வயது. கண் தெரியாது, குதிரையும் செத்துவிட்டது. பலவேசம் தண்ணீருக்கு நிறுத்தாமல் எச்சிலை விழுங்கிக்கொண்டு அவரைத் திரும்பவும் வேட்டைக்கு அனுப்பினார்.