கைக்குழந்தை முகமூடி

என் கணவருக்கு அவருடைய நண்பர்கள் வைத்த பெயர் கர்னல். ராணுவத்தின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்தவரில்லை. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் காலமெல்லாம் நாற்காலியைத் தேய்த்து ஓய்வு பெற்றவர். கரப்பான்பூச்சியைக் கண்டால் என்னைத்தான் கூப்பிடுவார். ஆனால் எவனோ எங்கேயோ எவனையோ கொன்ற துப்பாக்கி என்றால் போதும், பச்சைப்பிள்ளையைத் தூக்குவது போல் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்.

வீடு முழுக்க அவைதான். குழலை அடைத்து, இனிமேல் சுடாது என்று சான்றிதழ் வாங்கிய துப்பாக்கிகள். மருந்தை எடுத்துவிட்ட குண்டுகள். தண்ணீர்ப் புட்டிகள், இரும்புத் தொப்பிகள். எண்ணெயும் துருவும் எவனுடைய வியர்வையோ கலந்த ஒரு வாடை சமையலறை வரை வந்து சாப்பாட்டில் இறங்கும். “பயப்படாதீங்க, எல்லாம் செயலிழக்க வெச்சது” என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். பயத்தைப் பற்றி யார் பேசினார்கள்? எனக்கு இருந்தது அருவருப்பு.

ஒருமுறை ஒரு இரும்புத் தொப்பியின் உட்பட்டையில் கொஞ்சம் முடி ஒட்டியிருந்தது. பிய்த்துப் போடப் போனேன். பதறிப்போய்த் தடுத்தார்.

“அதுல கை வைக்காத. ஒரிஜினல் முடி. அதுக்குத்தான் மதிப்பே.”

“யாரோட முடி?”

“அத யாரு கண்டா?”

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இதையெல்லாம் சகித்துக்கொண்டு காலத்தை ஓட்டியவள் நான். மகளால் முடியவில்லை. கல்யாணமாகிப் போன பிறகு இங்கே ஓர் இரவு தங்கியதில்லை. குழந்தை பிறந்தபோதும் நான்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தொண்டைத்தண்ணீர் வற்றக் கெஞ்சி, அவள் வேலைக்குத் திரும்பும் வரை குழந்தையோடு என்னிடம் வந்து இருக்கச் சம்மதிக்க வைத்தேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“பின்னறை காலியா இருக்கணும்மா. அந்தக் கண்றாவில ஒண்ணு என் பிள்ளை பக்கத்துல வந்தாலும் அப்பவே கிளம்பிடுவேன். அப்பறம் என்னை நீ கூப்பிடவே கூடாது.”

கர்னலோடு மல்லுக்கட்டி அறையைக் காலி செய்ய வைத்தேன். எல்லாம் மாடி அறைக்குப் போயின. கடைசியில் ஒரு அட்டைப்பெட்டியை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“இது மட்டும் அலமாரி மேல இருக்கட்டும். குழந்தைக்குன்னு செஞ்சது. இப்பதான் கிடைச்சது.”

குழந்தைக்கு என்றதும் உருகிப்போனேன். மனுஷனுக்குப் பேத்தி மேல் ஆசை வந்துவிட்டது, பொம்மையோ கிலுகிலுப்பையோ வாங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மகள் வந்தாள். பால் வாடையும் சோப்பு வாடையும் சேர்ந்து துரு வாடையை விரட்டின. அவரும் பேத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவள் தலையை விரலால் அளப்பார். தோளிலிருந்து இடுப்பு வரை சாண் போட்டுப் பார்ப்பார். தாத்தாவின் கொஞ்சல் இப்படியும் இருக்கும் போல என்று நானும் மகளும் சிரித்தோம்.

அன்று மத்தியானம் மகள் குளிக்கப் போயிருந்தாள். நான் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கினேன். பின்னறையில் புஸ், புஸ் என்று ஒரு சத்தம். கதவைத் தள்ளினேன்.

கட்டிலின் மேல் கரும்பச்சை நிறத்தில் ஒரு ரப்பர் மூட்டை. அதன் அடியிலிருந்து இரண்டு குட்டிக் கால்கள் நீட்டி உதைத்துக்கொண்டிருந்தன. மேலே ஒரு கண்ணாடிச் சன்னல். அதற்குள் என் பேத்தியின் முகம். முகமெல்லாம் சிவந்து, உயிர்போக அழுகிறாள். வெளியே முனகல்தான் கேட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூட்டைக்குள் காற்று போக ஒரு கையால் துருத்தியை அமுக்கிக்கொண்டிருந்தார். எதிரே நிறுத்திவைத்த போனில் நண்பர்களின் முகங்கள்.

“உலகப்போர் சமயத்துல விஷவாயுவுக்குப் பயந்து கைக்குழந்தைங்களுக்குன்னு செஞ்ச முகமூடி. பலபேர் வெச்சிருக்காங்க. உள்ள நெஜக் குழந்தையோட எவன்கிட்டயும் படம் கிடையாது” என்று அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

“அழுதாத்தான் கர்னல், தத்ரூபமா இருக்கு” என்றது போனுக்குள்ளிருந்து ஒரு குரல்.

நான் பாய்ந்து வாரைப் பிடித்து இழுத்தேன்.

“பாத்து, பாத்து. வார் பழசு, அறுந்துடும்” என்று என் கையைப் பிடித்தார். தட்டிவிட்டேன். குழந்தையை வெளியே உருவினால் கழுத்தெல்லாம் கக்கிய பால். உடம்பெல்லாம் அந்தக் கிழட்டு ரப்பரின் நாற்றம். எந்தக் காலத்தில் எத்தனை பிள்ளைகள் அதற்குள் கிடந்து கதறினவோ. அந்த நாற்றம் என் பேத்தியின் உச்சந்தலையிலும் அடித்தது.

“ஒரு துணி குடு” என்றார்.

குழந்தையின் வாயைத் துடைக்கத்தான் என்று நினைத்துக் கொடுத்தேன். அவர் திரும்பி அந்தக் கண்ணாடிச் சன்னலைத் துடைக்க ஆரம்பித்தார். “பால் பட்டா ரப்பர் வீணாப் போயிடும்” என்றார். என்னிடம் இல்லை, போனிடம்.

ஈரத்தலையோடு மகள் கதவருகே நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அலமாரி மேல் திறந்து கிடந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தாள்.

“நான் வந்ததுலேர்ந்து இது இங்கதான் இருந்துச்சா?”

பொம்மை என்று நினைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

“ஒண்ணும் ஆகலையே. காத்து அடிச்சிக்கிட்டேதானே இருந்தேன்” என்றார் அவர்.

மகள் வண்டிக்குச் சொல்லிவிட்டாள். வண்டி வந்ததும் அவள் பைகளை நானே தூக்கிக்கொண்டு போய் அதில் வைத்தேன். அவள் குழந்தையோடு ஏறி உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. இனி இந்தப் பிள்ளையை எனக்கு யார் காட்டப்போகிறார்கள்?

அப்போதுதான் அவர் வாசலுக்கு ஓடி வந்தார். கையில் பேத்தியின் வெள்ளைத் தொப்பி. நான் பின்னியது. அந்த மூட்டைக்குள் கழன்று விழுந்திருக்கிறது. இதையாவது கொண்டுவந்து கொடுக்கத் தோன்றியதே என்று ஒரு கணம் மனசு இளகியது.

“இது உள்ள கிடந்துச்சு” என்றார் மகளிடம், குழைந்துகொண்டு. “நானே வெச்சுக்கட்டுமா? முகமூடியோட சேத்து வெச்சா, உள்ள ஒரு குழந்தை இருந்துச்சுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியும். துவைக்கக்கூட வேணாம்.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தொப்பியைப் பிடுங்கினேன். பால் ஈரம் கையில் பிசுபிசுத்தது. காலில் செருப்பில்லை, கட்டியிருந்தது வீட்டுப் புடவை. அப்படியே வண்டியில் ஏறி மகள் பக்கத்தில் உட்கார்ந்து கதவை அடைத்தேன்.

“நீ எங்க கிளம்பிட்ட?” என்று சன்னலில் குனிந்து கேட்டார்.

“வண்டிய எடுங்க தம்பி” என்று ஓட்டுகிறவரிடம் சொன்னேன்.

மகள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, குழந்தையை என் மடிக்கு மாற்றினாள்.