ஆயாம்மாவுக்கு ஒரு சீப்பு

காலையில் இரட்டைப் பின்னல் போட்டுக் குழந்தைகள் காப்பகத்துக்கு அனுப்பிய தலை, சாயங்காலம் ஒற்றைப் பின்னலோடு வீடு திரும்பியது. முதல் நாள் அம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் நாளும் அப்படியே வந்தபோது தலையைத் திருப்பிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் நகம் பட்டது போல ஒரு சிவப்புக் கீறல் வேறு.

“யாருடி பின்னிவிட்டது?”

“ஆயாம்மா.”

“நான் போட்ட பின்னலை எதுக்கு அவுத்தாங்க?”

நாலு வயதுக் குட்டி உதட்டில் விரலை வைத்தது. “சொல்லக்கூடாது. ரகசியம்.”

அன்றிலிருந்து அம்மாவுக்கு அதே நினைப்புதான். சலவை நிலையத்தில் விரிப்பு மடிக்கும் வேலை அவளுக்கு. இன்னும் ஒரு லீவு போட்டால் வரவே வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லியாயிற்று. பக்கத்தில் வேறு காப்பகமும் கிடையாது. சந்தேகத்தோடு பிள்ளையை விடவும் முடியவில்லை, விடாமல் இருக்கவும் வழியில்லை.

நாளையோடு காப்பகத்துக்கு விடுமுறை விடுகிறார்கள். கடைசி நாளன்று டீச்சருக்கும் ஆயாவுக்கும் பெற்றோர்கள் ஏதாவது வாங்கிக் கொடுப்பது அங்கே வழக்கம். கடைக்கு நாத்தனாரும் கூடவே வந்தாள்.

“முடியை அவுக்குறான்னா என்ன அர்த்தம் அண்ணி? அடிச்ச காயத்தை மறைக்குறா,” என்றாள், கொண்டை ஊசியால் உச்சந்தலையைச் சொறிந்தபடி. “அவளுக்குப் பரிசு ஒண்ணுதான் கேடு!”

டீச்சருக்கு மூடி போட்ட காப்பிக் கோப்பை எடுத்தாயிற்று. ஆயாவுக்கென்று வந்தபோது கை எதிலும் நிற்கவில்லை. பச்சை நிறக் கைப்பை ஒன்று கண்ணைப் பறித்தது. பிள்ளையைக் கிள்ளுகிறவளுக்குக் கைப்பையா? திருப்பி வைத்துவிட்டாள். அப்போதுதான் அந்த மரச்சீப்பு கண்ணில் பட்டது.

“இதையே குடுக்குறேன். பின்னலை அவுத்தது எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்கு உறைக்கட்டும்.”

“அப்படிப் போடுங்க அண்ணி!” நாத்தனார் மறுபடியும் சொறிந்துகொண்டாள்.

மறுநாள் காப்பகத்தில் ஆயாம்மா காகிதத்தைப் பிரித்தாள். சீப்பைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. எட்டிப் பார்த்துக் கதவைச் சாத்தினாள்.

“தெரிஞ்சுபோச்சா?”

“எல்லாம் தெரியும்,” என்றாள் அம்மா, ஒன்றுமே தெரியாமல்.

“காப்பகம் நடத்துற மேடம்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா.”

“சொல்லாம விடுவேனா? எம்பிள்ளையை என்ன பண்ணீங்க?”

ஆயாம்மா விழித்தாள். “என்ன பண்ணேனா? பேன் எடுத்தேன்.”

சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினாள். தலையில் பேன் இருந்தால் பத்து நாள் வரக்கூடாது.

“பத்து நாள் பிள்ளையை வீட்டுல வச்சுக்கிட்டா உங்க வேலை என்னாகும்? அதான் மத்ததுங்க தூங்குறப்ப இவளைத் தனியா உக்காரவச்சு எடுத்தேன். கீறல் என் நகம் பட்டது, மன்னிச்சுக்கோங்க.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“எங்க சொல்றது? வாசல்லயே மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறீங்க.”

ஆயாம்மா சீப்பின் பற்களைத் தடவிப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“இந்தப் பல்லு இடுக்குல பேன் குடும்பத்தோட ஊர்வலம் போயிடும். எனக்கு வேணா தலைவாரிக்குறேன். ஆனா ஒண்ணும்மா. சாயங்காலம் சுத்தமா அனுப்புற தலையில மறுநாள் புதுசா நாலு நிக்குது. உங்க வீட்டுல யாருக்கோ இருக்கு. தலையக் குனிங்க, பாப்போம்.”

அம்மா குனிந்தாள். வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்த ஆயாம்மா, “உங்களுக்கு இல்ல. குட்டி யார்கூடப் படுக்குறா?” என்றாள்.

“அத்தைகூட.”

சொன்ன வாய் மூடவில்லை. கொண்டை ஊசி கண் முன்னால் வந்து நின்றது.

போகும் வழியில் அதே கடைக்குள் நுழைந்தாள். பச்சைக் கைப்பையை எடுத்தாள், ஆயாம்மாவுக்கு. நெருக்கமான பல் வைத்த பேன்சீப்பு ஒன்றும் எடுத்தாள்.

“இதுவும் பரிசாம்மா?” என்றார் கடைக்காரர்.

“ஆமாண்ணே, எங்க நாத்தனாருக்கு. ரிப்பன் கொஞ்சம் பெருசாவே கட்டுங்க.”