ஒன்றரை அங்குலம் குறைவாக

காலுறையை உருவியபோது தோலும் கூடவே வந்தது. மகள் கையை உதறிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். 

“பெத்த அப்பன்டி,” என்றாள் அம்மா, மூக்கைப் பொத்தியபடியே.

தையல்காரர் அன்று காலையில்தான் கண்மூடியிருந்தார். கால்விரல்கள் ஐந்தும் கரிக்கட்டை. பாதம் பச்சையும் கறுப்புமாக நொதநொதத்துக் கிடந்தது. “ரத்தம் போகாம கால் செத்துப்போச்சு, அந்த விஷம் உடம்பெல்லாம் ஏறிடுச்சு,” என்று காலுறையை லேசாக விலக்கிப் பார்த்துச் சொன்ன டாக்டர், தெருவுக்குப் போய்த்தான் மூச்சு விட்டார்.

மூன்று வாரமாகவே வீட்டில் அந்த நாற்றம். செத்த எலி என்று பீரோவை நகர்த்தினார்கள். துணி மூட்டைகளை உதறினார்கள். காலுறை போட்ட காலோடு அவரும் டார்ச் அடித்து மிஷினுக்கு அடியில் தேடினார்.

“எலிதான், பட்டன். தன்னால காஞ்சிடும்,” என்றார். பட்டன் என்றால் மகள்.

முந்தைய நாள் மாலை, “காலைக் கொஞ்சம் அமுக்கி விடேன்,” என்று கூப்பிட்டார்.

“முதல்ல போய்க் குளிங்கப்பா. கிட்ட வர முடியல,” என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

தண்ணீர் வாளியோடு வந்த அத்தை வாசற்படியைத் தாண்டவில்லை. “ஊருக்கெல்லாம் அளவெடுத்தான் என் தம்பி, தன் காலைக் குனிஞ்சு பார்க்கல. பேண்ட்டை வெட்டிடு, உருவ வராது.”

யாரையும் தொடவிடாத அவருடைய கத்தரியை எடுத்து மகள் வெட்டிக்கொண்டே போனாள். முழங்காலுக்குக் கீழே கத்தரி நின்றது. சதைக்குள் புதைந்து ஒரு எலாஸ்டிக் பட்டி.

“இது என்னடி கருமம்? யாரு தச்சது?” என்றாள் அம்மா.

மகள் கத்தரி நுனியால் பட்டியின் தையலைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னால், “மிதிச்சு மிதிச்சு கால் வீங்குது. இறுக்கமா ஒரு பட்டி தச்சுக் குடு,” என்று அவர் அவளிடம் கேட்டிருந்தார். பாவாடை இடுப்புக்கு அவர் கற்றுக்கொடுத்த கணக்குத்தான்: அளவில் ஒன்றரை அங்குலம் குறை, நாலு வரிசை தையல் போடு. மாட்டிப் பார்த்து, “தொழில்காரி!” என்று சிரித்தார். அதற்கப்புறம் கழற்றவே இல்லை போலிருக்கிறது.

அவள் மண்டியிட்டாள். தையலைப் பிரிக்கப் பிரிக்க விரலிடுக்கில் மஞ்சள் நீர் வழிந்தது. கடைசி நூல் விட்டதும் பட்டி சுருங்கித் தரையில் விழுந்தது, அவள் தைத்த அதே அளவுக்கு.

காலில் பள்ளம் அப்படியே நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டு, அதன்மேல் கட்டைவிரல்களை வைத்து அமுக்கிவிடத் தொடங்கினாள்.