சுந்தரி இழுத்துப் போன யானை

பூர்ணிமாவின் நோய் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதில் அறக்கட்டளை இன்பராஜ் ரொம்பக் கறாராக இருந்தார். அதனால்தான் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிய பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் டி-ஷர்ட்டும் ஆளுக்கொரு யானை முகமூடியும் மாட்டிவிட்டார். முயல், சிங்கம் என்று கலந்துதான் கேட்டாராம். கடையில் யானைதான் மொத்தமாகக் கிடைத்ததாம்.

"உங்க மூஞ்சி ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது கண்ணுங்களா. ரகசியம் முக்கியம்!"

சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே கடைத்தெரு வழியாக யானைகளை வரிசையாக நடத்திப் போனார். வேலையை விட்டுவிட்டுக் கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். கல்யாண மண்டபத்து வாசலில் ஆள் உயரத்துக்கு பேனர்: 'எச்.ஐ.வி. பாதித்த குழந்தைகளுக்கு ஷூ வழங்கும் விழா. ரகசியம் காக்கப்படும்.'

பூர்ணிமா ஆறாவது படிக்கிறாள். அப்பாவும் அம்மாவும் அந்த நோயில் போய்விட்டார்கள். அவளுக்கு மட்டும் தினமும் மாத்திரை. தம்பி நவநீதனுக்கு ஒன்றும் இல்லை. "எனக்கு மட்டும் ஏன் ஒண்ணுமே குடுக்க மாட்டேன்றாங்க?" என்று அழுது அடம்பிடித்து அவனும் யானையாகி வந்திருந்தான்.

மண்டப வாசலில் நின்ற அறக்கட்டளை ஹெலன் அக்காவுக்கு ஒரே வேலைதான். வெறும் முகத்தோடு எந்தப் பிள்ளை கண்ணில் பட்டாலும், ஐயோ ரகசியம் போச்சே என்று ஓடிப்போய் டி-ஷர்ட்டையும் முகமூடியையும் மாட்டி உள்ளே தள்ளிவிடுவார். உள்ளேயிருந்து பிரியாணி வாசனை தெருவரைக்கும் அடித்தது. எட்டிப் பார்த்த பிள்ளைகள் எல்லாம் யானை ஆனார்கள். கொஞ்ச நேரத்தில் மண்டபம் கொள்ளவில்லை.

ஷூ பற்றாது என்று தெரிந்ததும் இன்பராஜுக்கு வியர்த்தது. மைக்கைப் பிடித்தார். "நெஜமாவே நோய் இருக்கிறவங்க மட்டும் கை தூக்குங்க!"

எல்லா யானையும் கை தூக்கியது. நவநீதன் இரண்டு கையையும் தூக்கினான்.

"ஐயோ, வேணாம்! தூக்காதீங்க, ரகசியம்! இல்லாதவங்க தூக்குங்க."

மறுபடியும் எல்லாரும் தூக்கினார்கள். ஷூவைக் கொடுக்க வந்திருந்த கம்பெனி முதலாளி நயீம் அகமது கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்பராஜின் காதில், "போன வருஷத்த விட ரொம்ப ஜாஸ்தி ஆயிடுச்சேப்பா," என்றார்.

முகமூடிக்குள் பூர்ணிமா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் முதுகில் பளீரென்று ஓர் அடி விழுந்தது.

"பொறுக்கி! உன்ன எங்கடா நிக்கச் சொன்னேன்? எந்த எடத்துல வந்து உக்காந்துக்கினு கீற!"

பக்கத்து வீட்டு சுந்தரி அத்தையின் குரல். காய் வாங்க வந்த இடத்தில் அவள் மகன் சம்பத் கையை விட்டுவிட்டு யானையாகிவிட்டான் போல. டைபாய்டுக்குப் பிறகு ஒட்ட வெட்டிய தலையும் மஞ்சள் டி-ஷர்ட்டுமாக இருந்த பூர்ணிமாவைச் சம்பத் என்று நினைத்து, கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள்.

'அத்தை, நான் சம்பத் இல்ல' என்று பூர்ணிமா சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அம்மா தேவகியும் சுந்தரியும் ஷூ கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் ஷூவின் மேல்தோல் தைத்தவர்கள். அம்மாவின் நோய் வெளியே தெரிந்த நாளிலிருந்து சுந்தரி அந்த வீட்டுப் பிள்ளைகளைத் தொட்டதில்லை, தன் துணி காயப்போடும் கயிற்றைக்கூட வேறு பக்கம் மாற்றிக் கட்டிக்கொண்டாள். இப்போது அதே சுந்தரியின் கை, அம்மாவின் கையைப் போலவே பசை வாசனையோடு, அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தது.

துத்திப்பட்டு போகும் ஷேர் ஆட்டோவில் இடமில்லை. சுந்தரி அவளை மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்தாள்.

"இன்னாடா இப்படி எளச்சிட்ட? காலைல தின்ன இட்லியெல்லாம் எங்கடா போச்சு?"

பூர்ணிமா அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"புள்ளைக்கு மூச்சு முட்டப் போவுது, கழட்டுங்கம்மா," என்றாள் எதிரே இருந்த ஒரு பெண். சுந்தரி முகமூடியைக் கழற்றினாள். கழற்றியதும் வீறிட்டாள்.

ஆட்டோவை ஓட்டிய சர்தார் பாஷா ஓரம் கட்டிவிட்டுத் திரும்பினார்.

"உன் புள்ள இல்லியா? அப்ப யாரு புள்ளய தூக்கிக்கினு போற? புள்ள புடிக்கிறவளா நீ?"

ஆட்டோவில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருவர் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார். சுந்தரி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"எங்கம்மாதான்," என்றாள் பூர்ணிமா.

"அம்மான்னா ஏன் பேயப் பாத்த மாதிரி கத்துச்சு?"

"பையன்னு நெனச்சிட்டாங்க."

"பொண்ணா பையனான்னு பெத்தவளுக்குத் தெரியாதா?" சர்தார் பாஷா சாவியை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "சரிம்மா, நீ சொல்லு. புள்ள பேரு இன்னா?"

"பூர்ணிமா."

"எத்தினாவது படிக்குது?"

"ஆறாவது."

"எந்தச் சோறுன்னா இஷ்டம்?"

"தக்காளி சாதம்," என்றாள் சுந்தரி யோசிக்காமல். "பட்டாணி போட்டா ஒவ்வொண்ணா பொறுக்கித் தட்டு ஓரமா வச்சிடும். தேவகி திட்டிக்கினே இருப்பா..."

சுந்தரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"தேவகி யாரு?"

சுந்தரி வெளியே பார்த்தாள். "நான்தான்," என்றாள்.

சர்தார் பாஷா சாவியைத் திரும்பப் போட்டார்.

இருவரும் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார்கள். சம்பத்தும் நவநீதனும் மண்டபத்திலேயே இருந்ததால் திரும்பிப் போக வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் ஆட்டோ வரவில்லை.

"அத்தை, மடியில உக்காந்தா ஒட்டாது. டாக்டர் சொல்லியிருக்காரு."

"தெரியும். கம்பெனியில கூட்டம் போட்டுச் சொன்னாங்க."

"தெரிஞ்சுமா?"

"பயம் கேட்டுக்கினா வருது?" என்றாள் சுந்தரி எரிச்சலாக. ரோட்டைத் தாண்டும்போது பூர்ணிமாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். கையைப் பிடிக்கவில்லை.

மண்டபத்தில் விழா முடிந்திருந்தது. வேறு வழி தெரியாத இன்பராஜ் இருந்த ஷூவையெல்லாம் கைக்கு வந்தபடி கொடுத்துத் தீர்த்துவிட்டார். ஜோடி சரியாக அமைந்தது ஒரு சிலருக்குத்தான். அடுத்த வருஷம் இரண்டு மடங்கு அனுப்புவதாக நயீம் அகமது வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். படிக்கட்டில் சம்பத்தும் நவநீதனும் ஒரே தட்டில் பிரியாணி தின்றுகொண்டிருந்தார்கள். சம்பத் கடித்து வைத்த எலும்பை நவநீதன் உறிஞ்சினான்.

சுந்தரி கத்துவதற்கு வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அண்டாவைக் கழுவத் தூக்கிப் போனவரை நிறுத்தினாள்.

"அண்ணே, ஒரு தட்டு இருக்குமா? இவ இன்னும் சாப்பிடல."

அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி ஒரு தட்டில் கொடுத்தார். அதை வாங்கிப் பூர்ணிமாவின் கையில் கொடுத்துவிட்டு, சுந்தரி குழாயடிக்குப் போனாள். ரொம்ப நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கையைக் கழுவுகிறாளா, முகத்தைக் கழுவுகிறாளா என்று பூர்ணிமாவுக்குப் படிக்கட்டிலிருந்து தெரியவில்லை. நல்ல பசி. அவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள்.