மோகனப்ரியாவின் லைசென்ஸ்

மோகனப்ரியாவுக்கு முப்பத்து நாலு வயது. ஜாதகத்தில் இருபத்தெட்டு. நடுவில் இருந்த ஆறு வருஷத்தைக் கல்யாணத் தரகர் ராமப்பன் ஒரே மத்தியானத்தில் விழுங்கி ஏப்பம் விட்டிருந்தார். முப்பது தாண்டிய பெண்ணின் போட்டோவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. ஊர் உலகத்தில் நடக்காததா என்று அப்பாவும் தலையாட்டிவிட்டார். அவளுக்குத்தான் அந்தப் பொய் உறுத்திக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை மணிவேலை அவளுக்கு நிஜமாகவே பிடித்துத் தொலைத்திருந்தது.

முகூர்த்தப் புடவை எடுக்க எல்லாரும் சூளகிரியிலிருந்து ஓசூருக்குக் கிளம்பினார்கள். காரில் இடம் இருந்தும், வருங்கால மாமியார் சரோஜம்மாள், மருமகள் வண்டி ஓட்டும் அழகைப் பார்க்கவேண்டும் என்று ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அது பெங்களூரில் பழசாக வாங்கிய வண்டி, கர்நாடகா நம்பர். அந்த நம்பரைக் கண்டால் நம்மூர்ப் போலீசுக்குக் கை சும்மா இருக்காது. ஹைவேயில் எஸ்.ஐ. தமிழ்செல்வி ஓரங்கட்டச் சொன்னார்.

"பேரு என்னாம்மா? லைசென்ஸ் எடு."

லைசென்ஸில் பிறந்த தேதி பளிச்சென்று அச்சடித்திருக்கும். மோகனப்ரியா கைப்பையை இறுக்கிக்கொண்டாள். பெயரைச் சொன்னாள். கேட்காமலே அப்பா பெயர், தெரு, கதவு எண், வேலை பார்க்கும் கம்பெனி, ஷிப்ட் நேரம் வரை ஒப்பித்தாள்.

"உன் வரலாறு எதுக்கும்மா? லைசென்ஸு."

"வீட்ல வச்சிட்டேன் மேடம்."

"போன்ல இருந்தாலும் செல்லும். காட்டு."

"சார்ஜ் இல்லைங்க."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. காரில் போன அப்பாதான். நல்ல மனிதர், நேரம் காலம் தெரியாது.

"யூனிபார்ம்ல இருக்கற போலீஸ் கேட்டா, வண்டி ஓட்டறவங்க பேரு விலாசம் சொல்லணும், லைசென்ஸும் காட்டணும். அது சட்டம்" என்றார் தமிழ்செல்வி, பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு.

சரோஜம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க மருமகள என்னான்னு நெனச்ச? ஒளிக்கறதுக்கு அவகிட்ட என்னா இருக்குது? காட்டு கண்ணு!" என்றவர், அவள் கைப்பையைத் தானே திறந்து, பர்ஸிலிருந்து அட்டையை உருவி நீட்டினார். "சத்தமாப் படி, நாலு பேரு கேக்கட்டும்!"

தமிழ்செல்வியும் படித்தார். "மோகனப்ரியா. பிறந்த தேதி பதினாலு அஞ்சு தொண்ணூத்தொண்ணு."

மோகனப்ரியா கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணம் போச்சு, மணிவேல் போச்சு, எல்லாம் போச்சு.

"தொண்ணூத்தொண்ணா?" சரோஜம்மாள் விரலை மடக்கினார். "அது எங்க தோட்டத்துல மொத போர்வெல்லு போட்ட வருசமாச்சே. அந்த போரு வத்தியே பத்து வருசமாவுது!"

"ஆமா அத்தை. எனக்கு முப்பத்து நாலு. ஜாதகம் பொய். எனக்கு அவரப் புடிச்சிருந்துது, அதான் வாயத் தொறக்கல." சொன்னதும் அழுகை முட்டியது. கூடவே, பல மாதம் கழித்து மூச்சு முழுசாக வந்தது.

சரோஜம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். ரோட்டைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். பிறகு தமிழ்செல்வியின் கையைப் பிடித்து ஜீப்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்திப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. எதிர்ப்பக்க டீக்கடை வரைக்கும் கேட்டது.

"அம்மாடி, நாளைக்கு எம் பையன் இந்தப் பொண்ண ஏத்திக்கினு இதே வழியாத்தான் வருவான். அவன் ஜாதகமும் அதே தரகரு கைல போயி வந்ததுதான். உனக்குப் புண்ணியமாப் போவும், அவன்கிட்ட மட்டும் லைசென்ஸு கேட்டுடாத!"