ரேட்டு இல்லாத தராசு

ஆப்பிரிக்காவில் மொம்பாசாவிலிருந்து ஒரு மிஷன் பள்ளிக்கூடம் சுருள்வில் தராசு கேட்டு எழுதியிருந்தது. அந்தக் கடிதம் வந்த எழுபத்தொன்றாம் வருஷம் ஞானசௌந்தரியின் கொட்டகையில் உள்ளூர் ஆர்டர் ஏறக்குறைய வற்றிப்போயிருந்தது. கிழக்குத் தாம்பரத்தில் தகரம் வேய்ந்த கொட்டகை அது. பள்ளிக்கூட ஆய்வுக்கூடங்களுக்குத் தராசு செய்ய, புஷ்பத்தோடு இன்னும் சில பெண்கள் அங்கே கம்பி சுற்றினார்கள். இந்தச் சரக்கு கப்பலேறினால் கொட்டகை நிற்கும். இல்லாவிட்டால் பூட்டுதான்.

கப்பலேற்றுவதற்கு ஒரு சர்டிபிகேட் வேண்டும். அதைத் தரும் ஆபீஸ் பல்லாவரத்தில் இருந்தது. அதிகாரி சம்பத்தின் அறைக்குள் போனதும், ‘ஏற்றுமதியில் புதுமை, புதுமையில் பெருமை’ என்று ஒரு பலகை தெரியும். கொஞ்சம் பொறுத்து அதற்குக் கீழே சம்பத்தும் தெரிவார்.

அவர் ஒரு தராசைக் கையில் எடுத்தார். விரலால் சுண்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக முகர்ந்தார். உத்தியோகத்தில் சேர்ந்த நாள்முதல் பதனிட்ட தோலைத் தவிர வேறெதையும் சோதித்திராத மனிதர். வாசனை இல்லாத சரக்கை எப்படி நம்புவது?

“நடுவுல துளை இருக்கே, மேடம்?”

“முள்ளு ஏறி இறங்க வழி வேணாமா சார்?”

“துளை இருந்தா செகண்ட் கிரேடு. ரூல்ஸ்.”

“அது தோலுக்கு சார்!”

“ரூல்ஸுக்குத் தோலு, பித்தளைன்னு வித்தியாசம் தெரியாது மேடம். எல்லாருக்கும் ஒரே நீதி” என்றார் சம்பத். தன் நேர்மையில் தானே ஒரு கணம் நெகிழ்ந்தும் போனார்.

வெளியே பியூன் கேசவன் பெஞ்சைத் தட்டி உட்காரச் சொன்னான். “இன்னா அக்கா, படிச்சவங்க நீங்க. தோல்காரரு வர்றாரு, கவரை வெக்கிறாரு, சீலு குத்திகினு போய்க்கினே கீறாரு. துளையாவது, கிழிசலாவது!”

ஞானசௌந்தரி வெடுக்கென்று எழுந்து வீட்டுக்குப் போனார். அந்த வாரம் முழுக்கக் கொட்டகையில் கட்டிவைத்த பெட்டிகளையும் புஷ்பத்தின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்று கர்த்தரிடம் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டு, மறுபடியும் பல்லாவரத்துக்கு ரயில் ஏறினார்.

“சரி கேசவா, எவ்வளவு கொடுக்கணும்?”

கேசவன் தலையைச் சொறிந்தான். “அதான் பேஜாரு. தோலுக்கு ரேட்டு கீது. தராசுக்கு ரேட்டே இல்லியே அக்கா!”

“இல்லேன்னா என்ன அர்த்தம்?”

“இதுக்கு முன்ன யாரும் தராசு எடுத்தாரலியே. கம்மியா வாங்கினா மேல இருக்கறவங்க இவரு அமுக்கிட்டாருன்னுவாங்கோ. ஜாஸ்தியா கேட்டா நீங்க எழுதிப் போட்ருவீங்க. அய்யா மேல கேட்டுகினு கீறாரு. பதிலு வரட்டும்.”

கொடுக்க மாட்டேன் என்று போனபோது வராத ஆத்திரம், கொடுக்கிறேன் என்று வந்து நிற்கும்போது ஞானசௌந்தரிக்கு வந்தது. “கெட்டுப்போறதுக்குக்கூட உங்க ஆபீஸ்ல காத்துக்கிடக்கணுமா?”

“நீங்களாவது பரவால்ல அக்கா. ஊதுபத்திக்காரம்மா ஒண்ணு வந்துது. அய்யா மோந்து பாத்துட்டு, சந்தேகமா கீதுன்னுட்டாரு. ஊறுகாக்காரரு இப்ப தோல் மண்டியில கணக்கு எழுதறாரு. மூக்குக்கண்ணாடி பிரேமு செஞ்சவரும் அங்கதான்.”

மேலிடத்துப் பதில் வருவதற்குள் கப்பல் போய்விட்டது. வேறு தேசத்தில் வாங்கிக்கொண்டோம் என்று மொம்பாசாவிலிருந்து தந்தி வந்தது. கொட்டகை பூட்டப்பட்டது. புஷ்பம் குரோம்பேட்டையில் தோல் உலர்த்தப் போனாள்.

அடுத்த மாதம் தாம்பரத்தில் ஒரு மைதானத்தில் ‘ஏற்றுமதிப் பல்வகைப் பெருவிழா’ என்று பந்தல் எழும்பியது. கேசவன் ஞானசௌந்தரியின் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான். “அய்யா ஒரு தராசு கேட்டாரு அக்கா, பெரிய சைஸு. டில்லியிலேர்ந்து வர்றவரு முன்னால தோலை நிறுத்துக் காட்டணுமாம்.”

ஞானசௌந்தரி கொட்டகைக்குப் போய்ப் பூட்டைத் திறந்தார். தராசைக் கேசவனிடம் தராமல் தானே எடுத்துக்கொண்டு போனார்.

பந்தலில் வரிசையாகக் கடைகள். முதல் கடையில் ஆட்டுத்தோல். அடுத்ததில் மாட்டுத்தோல். அதற்கடுத்து கறுப்புச் சாயம் போட்ட ஆட்டுத்தோல், பழுப்புச் சாயம் போட்ட மாட்டுத்தோல். கடைசிக் கடையில் மட்டும் மாறுதலுக்காகத் தோலைச் சுருட்டி வைத்திருந்தார்கள். டில்லியிலிருந்து வந்த பிரமுகர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி மாலைக்குக் கழுத்தை நீட்டினார்.

மேடையில் ஞானசௌந்தரியின் தராசு தொங்கியது. கொக்கியில் ஒரு தோல் சுருள். பக்கத்தில் சம்பத் மைக்கைப் பிடித்திருந்தார். “எத்தனை எத்தனை வகை! இந்த வட்டாரத்தில் புதுமை செய்ய முன்வந்த யாரையும் நாங்கள் திருப்பி அனுப்பியதே இல்லை!”

ஞானசௌந்தரி படியேறினார். தோல் சுருளைக் கொக்கியிலிருந்து கழற்றிச் சம்பத்தின் இரண்டு கையிலும் வைத்தார். மைக் கீழே உருண்டு கீச்சிட்டது.

“மேடம், இன்னா... என்ன இது! பங்ஷன் நடக்குது!”

“துளை இருக்கிற தராசு சார். செகண்ட் கிரேடு. உங்க தோலுக்கு இது மரியாதை இல்ல.”

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஞானசௌந்தரி தராசைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டு இறங்கி நடந்தார். பந்தல் வாசலில் கேசவன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“அக்கா, அக்கா! டில்லிக்காரரு வெயிட்டு இன்னான்னு கேட்டுகினு கீறாரு. இப்ப இன்னா செய்யறது?”

“உங்க அய்யாவை மோந்து பாத்துச் சொல்லச் சொல்லு.”