அயோடின் பாதியான நாள்

சுந்தரம்மாள் மதுரை ஆஸ்பத்திரியில் அயோடின் மாத்திரையை விழுங்கிச் சரியாக நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. தைராய்டுக்காகக் கொடுத்த கதிரியக்க அயோடின். அந்த அணுக்களில் பாதி சிதைய எட்டு நாள் ஆகும் என்பது மருமகள் பாண்டிசெல்விக்கு மனப்பாடம். வேதியியல் படித்தவள். மாமியார் ராஜபாளையத்துக்குத் திரும்புகிற அன்றே அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். கேட்டவர்களிடம் அம்மாவுக்கு முட்டுவலி என்றாள்.

யாரும் நம்பவில்லை. மாமியாருக்கு முடியாத நேரத்தில் மருமகள் பெட்டியைத் தூக்கினால் தெரு பேசாதா? பேசியது.

எட்டாம் நாள் காலையில் சுந்தரம்மாளே பஸ் ஏறி வந்து வாசலில் நின்றாள். கையில் மாம்பழப் பை.

"அங்கனயே நில்லுங்க அத்தை," என்று சொல்லிவிட்டுச் செல்வி கூடத்தின் கடைசிச் சுவரோரம் போய் நின்றாள். தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு கால் பங்காகிவிடும்.

"ஏட்டி, இன்னும் எம்புட்டு தூரம் போவ? பின்வாசல் வந்துரும்."

"பாதி இன்னும் இருக்கு அத்தை."

"சரி, இன்னும் எட்டு நாள்ல மிச்சப் பாதியும் போயிரும்லா?"

"இல்ல. மிச்சத்துல பாதிதான் போகும். அதுக்குப் பொறவு, அதுல பாதி."

"அப்போ என்னைக்குத்தான் தீரும்? ஒங்க மாமா வீட்டு வேலை பாக்குற மாதிரில்ல இருக்கு."

செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுந்தரம்மாள் சிரிக்கவில்லை. பையைப் படியில் வைத்தாள்.

"பஸ்ஸுலகூட கடைசி சீட்டுல தனியாத்தான் வந்தேன். வீட்ல கைப்பிள்ளை, பிள்ளைத்தாச்சி யாரும் உண்டான்னு டாக்டர் கேட்டாரு. கிடையாதுன்னேன். அப்போ ரொம்பப் பயப்பட வேண்டாம்னாரு. அவரே பயப்படல, நீ ஒதுக்குத. என்னையப் பிடிக்கலன்னா சொல்லிரு. இனி வரல."

செல்வி அடுக்களைப் பக்கம் பார்த்தாள். அடுத்த மாதம் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் திருவண்ணாமலை என்ற குன்றுக் கோயிலில் பெருமாளைக் கும்பிட்ட பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். இப்போதும் கையில் கரண்டியோடு நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

சுந்தரம்மாள் படி இறங்கினாள்.

"அத்தை, நீங்க டாக்டர்கிட்ட சொன்னது தப்பு."

"என்னட்டி தப்பு?"

"பிள்ளைத்தாச்சி உண்டு. நாந்தான். நாள் தள்ளி இருபது நாளாச்சு."